மூணரையார் கேக்காத பதினோரு பக்கம்

காத்து வந்து கதை கேக்குமான்னு சிரிக்கிறவங்க இப்பவே எழுந்து போய் டீ குடிச்சுட்டு வரலாம், எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. உங்களைச் சிரிக்கவைக்க நான் இதைச் சொல்லலை. ஒரு மனுஷரோட அரை ஏக்கர் ரோஜாவையும், அம்பத்தெட்டு வயசுக்குள்ள அவரு ஒண்ணொண்ணாப் பொறுக்கிச் சேத்து வெச்சிருந்த எழுத்தையும் நான் எப்படிப் பாழாக்கினேன்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன். என் பேரு அம்சவேணி. தப்புப் பண்ணினது நான்தான்னு முதல்லயே சொல்லிடறேன். மறைச்சு வெச்சு நான் பட்டது போதும்.

எங்க ஊரு பேட்டராயனூர். தளி ரோட்டை விட்டு உள்ள இறங்கி ஏரிக்கரை மேலயே நடந்தா முப்பத்திரண்டு வீடு வரும், வீட்டுக்கு வீடு ஒரு ரோஜாத் தோட்டம் வரும், தோட்டத்துக்குத் தோட்டம் இரும்புக் குழாய் நட்டு வெள்ளைப் பாலித்தீன் போத்தின பாலிஹவுஸ் வரும். வெயில் ஏறறதுக்குள்ள பூ அறுத்து, காம்பு நீளம் பாத்துப் பிரிச்சு, இருபது இருபதாக் கட்டி, அட்டை சுத்தி, தண்ணி வாளியில நிறுத்திடுவோம். ஊருக்கே பொதுவா இருக்கிற ஒரே டெம்போ வந்து அத்தனை வீட்டுப் பூவையும் ஏத்திக்கிட்டுப் பெங்களூரு போயிடும். பங்குனி பொறந்து புங்கமரம் பூத்துக் கொட்ட ஆரம்பிச்சா மட்டும் மத்தியானத்துக்கு மேல எந்த வேலையும் ஓடாது, மூணு மணிக்கு மேற்கால வானம் கறுக்கும், கரண்டு போகும், காத்து கெளம்பும். ஒரு வருஷம் இவங்க கூரை போகும், மறு வருஷம் அவங்க கூரை போகும், ஆலங்கட்டி விழுந்தா எல்லாருதும் ஒண்ணாப் போகும். சித்திரை முகூர்த்தத்துக்கு வெச்சிருக்கிற மொட்டுங்க அத்தனையும் அப்பத்தான் செடியில நிக்கும்ங்கறதால பங்குனி மாசம் எங்க ஊர்ல யாரும் நிம்மதியா ஒரு வாய் சோறு திங்கறதில்லை.

என்னைத் தவிர. எனக்கு அந்த மத்தியானங்கள்ல ஒரே வேலை மாயக்கதை படிக்கறதுதான். டெம்போ ஓட்டற ஆளுகிட்டச் சொல்லி ஓசூர் பழைய புத்தகக் கடையில இருந்து வாரத்துக்கு ஒண்ணு எடுத்துவரச் சொல்லுவேன், யாளி பறக்கிற நாவல், நிழலை வித்து ராஜ்ஜியம் வாங்கின அரசி நாவல், ஏரிக்கு அடியில பட்டணம் இருக்கிற நாவல், ஒவ்வொண்ணும் செங்கல் கனம். கட்டின புருஷன் சாப்பிட்டானான்னு உனக்குத் தெரியாது, யாளிக்கு வயிறு நிறைஞ்சுதான்னு மட்டும் தெரியும்னு எங்க வீட்டுக்காரர் மாதப்பன் போறப்ப வர்றப்ப இடிச்சுக் காட்டுவாரு. செவப்பு ரோஜாவுல செம்பேன் பூச்சி ஏறிக் கெடக்கும், நான் பக்கத்துலயே உக்காந்து பக்கம் திருப்பிக்கிட்டு இருப்பேன். அந்தக் குறுகுறுப்பு அப்பவே எனக்கு உண்டு, ஆனாலும் படிப்பேன்.

அந்த வருஷம் பங்குனி மூணாந்தேதி கரண்டு போய் ரேடியோவும் நின்னப்ப, எங்க ஷெட்டுல பூக்கட்டிக்கிட்டு இருந்த பொண்ணுங்க மூணு பேரும், அக்கா நீ மட்டும் மனசுக்குள்ளயே படிச்சு அனுபவிக்கிறியே, கொஞ்சம் சத்தமாத்தான் படியேன்னாங்க. படிச்சேன். படிக்கப் படிக்க ஏரிக்கு அந்தாண்ட இருக்கிற தைலமரத்தை எல்லாம் தரைக்கு வளைச்சுக்கிட்டு, தண்ணியைச் சுருட்டிக்கிட்டு, கரையில காஞ்ச துணியை வாரிக்கிட்டு வந்துச்சு காத்து. வந்தது எங்க வேலிக்கிட்ட நின்னுச்சு. நின்னுச்சுன்னா நின்னுச்சு, தென்னைமர உசரத்துக்கு, உள்ளுக்குள்ள புழுதியும் புங்கம்பூவும் யாரோட பாவாடையோ ஒண்ணும் நீலமாச் சுத்திக்கிட்டே இருக்க, நான் பக்கம் திருப்பறப்ப எல்லாம் கொஞ்சம் குனிஞ்சுது. அத்தியாயம் முடிஞ்சதும் பெருமூச்சு விட்டுது, பாவாடையை வேலிமேல போட்டுச்சு, வந்த வழியே ஏரி மேல திரும்பிப் போயிடுச்சு. எங்க கூரையில ஒரு ஆணி அசையலை. பொண்ணுங்கள்ல ஒருத்தி, நாளைக்கும் வருமாக்கான்னு மட்டும் கேட்டுட்டு, விட்ட கட்டை எடுத்துக் கட்ட ஆரம்பிச்சா.

மறுநாளும் வந்துச்சு, அதுக்கு மறுநாளும் வந்துச்சு, மூணரை மணின்னா டாண்ணு மூணரை மணிக்கு வந்துச்சு. ஒரு நாள் எங்க வேலி, ஒரு நாள் அடுத்தவங்க வேலி, எந்த வேலியில நிக்குதோ அங்க போய் உக்காந்து படிச்சா போதும், ஊரே தப்பிச்சுது. அது என்ன காத்து, ஏன் வருது, எங்க இருந்து வருதுன்னு எங்க ஊர்ல ஒருத்தரும் கேக்கலை, என்ன பேரு வெக்கறதுங்கறதுலதான் ரெண்டு நாள் சண்டை. கடைசியில மூணரையார்னு முடிவாச்சு. மூணரையார் போனப்புறம் வாங்கன்னு பொண்ணு பாக்க வர்றவங்களுக்குச் சொல்லி அனுப்பினாங்க, மூணரையாருக்கு முன்னாடி மாவு அரைச்சுக்கிட்டாங்க, வேலியோரம் ஒரு சொம்பு மோரு வெச்சாங்க. வேளாண்மை ஆபீஸ்ல இருந்து ஒரு சார் வந்தாரு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு அரைமணி நேரம் அதுகூடச் சேந்து கதை கேட்டாரு, உள்ளூர்க் காற்றழுத்தம்னு தாள்ல எழுதிக்கிட்டாரு, அந்த அரசி அப்புறம் என்ன ஆனான்னு ஒரு போன் பண்ணுங்கம்மான்னு நம்பர் கொடுத்துட்டுப் போனாரு.

வேற எதையாவது படிச்சாலும் கேக்குமான்னு பாத்தோம். பேப்பர் படிச்சப்ப பேப்பரைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடுச்சு. உர மூட்டையில ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் படிச்சப்ப கூரையைப் பிடிச்சு ஆட்டுச்சு. பக்திப் புத்தகத்துக்கு ரெண்டு நிமிஷம் மரியாதையா அடங்கியிருந்துட்டு அப்புறம் ஆட்டுச்சு. மாயக்கதை, அதுவும் விட்ட இடத்துல இருந்து தொட்டுத் தொடர்ந்து வரணும். ருசி தெரிஞ்ச காத்து அது, அதுக்கும் எனக்கும் ஒரே ருசி.

எங்க பூ விவசாயிங்க சங்கத்துத் தலைவர் முனிராஜு கெட்டிக்காரர். ஏரித்தண்ணிக்கு எப்படி முறை உண்டோ அப்படியே படிக்கறதுக்கும் முறை போட்டாரு, ஆளுக்கு அரைமணி, மூணரையில இருந்து அஞ்சு வரைக்கும். தண்ணி முறைக்கு எங்க ஊர்ல ரெண்டே சட்டம்: ஒருத்தர் முறையில இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது, முறை தவறினவங்க பூ ஒரு மாசத்துக்குப் பொது வண்டியில ஏறாது. ஒரு மாசம் உங்க பூவை நீங்களே தலையில சுமந்து, பஸ்ல போட்டு, நசுங்கினது போக மிச்சத்தை விக்கணும். அந்த அவமானத்துக்குப் பயந்து எங்க ஊர்ல அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டாலும் தண்ணி முறையை மட்டும் தவறவிட மாட்டாங்க. அதே ரெண்டு சட்டம்தான் படிக்கறதுக்கும்னாரு.

எனக்குத்தான் அதிக முறை வந்துச்சு. ராஜாவுக்கு ஒரு குரல், யாளிக்கு ஒரு குரல், கெழவிக்கு ஒரு குரல்னு நான் படிச்சா மூணரையார் சொக்கிப்போய் நிப்பாரு, ஊரும் வந்து பின்னாடி உக்காந்துக்கும். இத்தனை நாள் வேலை கெட்டவன்னு சொன்ன வாயெல்லாம் அம்சவேணியாலதான் ஊரு பொழைக்குதுன்னு சொல்லுச்சு. மாதப்பன்கூட நான் படிக்கறப்ப டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாரு. எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சுங்க, அதையும் சொல்லிடறேன்.

எங்க பக்கத்துத் தோட்டம் திம்மராயன் அண்ணனோடது. அவரும் அவரு சம்சாரம் எல்லம்மாவும் மட்டும்தான், பொண்ணுங்க ரெண்டும் கட்டிக்கொடுத்தாச்சு. பள்ளிக்கூட வாசல் பாக்காத மனுஷர், சின்னப் பொண்ணு கல்யாணம் முடிஞ்ச மறுவாரத்துல இருந்து தானா எழுத்துப் படிக்க ஆரம்பிச்சாரு. பஸ் போர்டு, உர மூட்டை, சுவத்து விளம்பரம், கல்யாண பேனர், கண்ணுல பட்டதை எல்லாம் நின்னு நின்னு எழுத்துக்கூட்டிப் படிப்பாரு. பஸ் வந்து நின்னா போர்டை முழுசாப் படிச்சு முடிச்சுட்டுத்தான் ஏறுவாரு, அதுக்குள்ள ரெண்டு தடவை பஸ் போயிருக்கு. எழுத்தைத் தொடறதுக்கு முன்னாடி பம்புசெட்டுக்குப் போய்க் கை கால் கழுவி, சட்டை போட்டு, பட்டனெல்லாம் மாட்டிக்கிட்டு வருவாரு. அவரு ஒரு நாள் சங்கத்துக்கு வந்து, எனக்கும் ஒரு முறை கொடுங்கன்னாரு. சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. நீ ஒரு வரி முடிக்கறதுக்குள்ள மூணரையாருக்குக் கோபம் வந்து ஊரே பறந்துடும் திம்மண்ணான்னாங்க. நானும் சிரிச்சேன். அவரு மட்டும் சிரிக்காம, தண்ணி முறையில எனக்குப் பங்கு இருக்கில்ல, இதுல ஏன் இல்லைன்னு கேட்டாரு, அப்புறம் முனிராஜு பங்குனி இருபத்தெட்டாந்தேதி நாலரை மணி முறையைக் கொடுத்தாரு. அதுக்கு முந்தின அரைமணி என் முறை. நான் நல்லாப் படிச்சுத் திருப்திப்படுத்தி வெச்சா அவரோட திக்குவாயை மூணரையார் பொறுத்துக்குவாருன்னு கணக்கு.

அன்னைக்கு மூணரையார் வந்து நின்னது திம்மராயன் அண்ணன் வேலியிலயே. முதல் முறைக்காரர் படிச்சு முடிச்சுட்டு, மாட்டைப் பிடிச்சுக் கட்டணும்னு போயிட்டாரு. ஒரு மாசமாப் பழகிப்போன காத்துதானேன்னு ஊரும் அவங்கவங்க வேலையில இருந்துச்சு. பிளாஸ்டிக் சேர்ல நான் ஒருத்தி, வேலிக்கு அந்தப் பக்கம் மூணரையார், தூரத்துல செவப்புப் பாத்திகளுக்கு நடுவுல மொட்டு விரிஞ்சுடாம இருக்க வலைத்தொப்பி மாட்டிக்கிட்டு அண்ணன். கதையில அரசி ஏரிக்கடியில இருக்கிற பட்டணத்துக்கு இறங்கிட்டா, அவ நெஞ்சுல ஒரே ஒரு மூச்சுதான் மிச்சம் இருக்கு, கண்ணு தெரியாத யாளி அவ வளையல் சத்தத்தை வெச்சு அவளைத் தேடிக்கிட்டு தண்ணிக்குள்ள வருது, அவ கையில இருந்து வளையல் ஒவ்வொண்ணாக் கழண்டு விழுது.

என் குரல் எந்த எடத்துல நின்னுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கதை அப்படி ஓடறப்ப கண்ணு ஓடற ஓட்டத்துக்கு நாக்கால ஈடுகொடுக்க முடியாதுங்க, படிக்கிறவங்களுக்குத் தெரியும். நாக்கு பின்தங்குச்சு, முணுமுணுப்பாச்சு, உதடு மட்டும் அசைஞ்சுது, அப்புறம் அதுவும் இல்லை. நான் பாட்டுக்கு மனசுக்குள்ள ஓடறேன், பக்கம் திருப்பறேன், ஓடறேன். யாளிக்கு அவ கெடைச்சாளா இல்லையாங்கற ஒண்ணைத் தவிர எனக்கு உலகத்துல ஒண்ணுமே இல்லை. பதினோரு பக்கம். அரசி கரையேறிட்டான்னு படிச்சு மூச்சு விட்டப்ப, அம்மா என் முறை வந்துடுச்சும்மான்னு ஒரு குரல் கேட்டுச்சு, நிமிந்து பாத்தா ஈரக்கையும் காலுமா, கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையோட அண்ணன் நிக்கறாரு. ஒரு நிமிஷம் லேட் ஆயிடுச்சு, மேல் பட்டன் மாட்ட வரலைன்னு கூச்சத்தோட சொன்னாரு.

அவரைத் தாண்டி வேலியைப் பாத்தேன். மூணரையார் வேலிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் குனிஞ்சு நிக்கறாரு. உள்ள சுத்திக்கிட்டு இருந்த புழுதியும் பூவும் சருகும் அப்படியே அந்தரத்துல நின்னுபோய்க் கெடக்குது. எவ்வளவு நேரமா அப்படிக் காத்துக்கிட்டு நின்னாரோ, ஒரு சத்தம் போடலை, என்னை ஒரு தள்ளுத் தள்ளலை.

பதினோரு பக்கத்தைத் திருப்பி வெச்சுக் கொடுத்திருந்தா முடிஞ்சுபோயிருக்கும். அண்ணா, கதையில லயிச்சு வாயை மூடிட்டேன், இங்க இருந்து படிங்கன்னு சொல்லணும், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரலை. ஊர்லயே நல்லாப் படிக்கிறவ, ஊரு சிரிச்ச திக்குவாய்க்காரர்கிட்ட, நான் முறை தவறிட்டேன்னு எப்படிச் சொல்றது? நான் முடிச்ச எடத்துலயே விரலை வெச்சுப் புத்தகத்தை அவரு கையில கொடுத்தேன். கொடுத்துட்டு எழுந்துட்டேன். அவரு உக்காந்து, தொண்டையைச் செருமிக்கிட்டு, எழுத்து மேல விரலை வெச்சு, அ-வ-ள் க-ரை-யில் அ-ம-ர்-ந்-துன்னு ஆரம்பிச்சாரு.

அரசி தண்ணிக்கடியில மூச்சு முட்டிக்கிட்டு இருந்த வரைக்குமே கதை கேட்ட ஒருத்தருக்கு, அவ கரையில உக்காந்து தலை துவட்டறான்னு சொன்னா எப்படி இருக்கும்? எனக்கே கோபம் வந்திருக்கும். மூணரையார் நிமிந்தாரு. அவ்வளவு உசரம் அவருக்கு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரியும். பத்து நிமிஷம். பாலித்தீனைத் துணி கிழிக்கிற மாதிரி கிழிச்சு, குழாயை எல்லாம் முறுக்கி, சித்திரை முகூர்த்தத்துக்கு வலைத்தொப்பி மாட்டி நின்ன மொட்டு அத்தனையையும் செடியோட பிடுங்கி, எதையோ தேடற மாதிரி ஒவ்வொரு பாத்தியையும் பொரட்டிப் பொரட்டிப் போட்டாரு. அவரு என்ன தேடினாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஊரே ஓடி வந்தப்ப, செவப்பு இதழெல்லாம் ஒட்டின சட்டையோட, கையில புத்தகத்தை விரிச்சபடியே திம்மராயன் அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரு.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. யாரும் யாரையும் விசாரிக்கவே இல்லை, விசாரிக்க என்ன இருக்கு, திக்கித் திக்கிப் படிச்சாரு, காத்துக்குப் பொறுமை போயிடுச்சு. உன்னை யாரு படிக்கச் சொன்னாங்கன்னு எல்லம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. அண்ணனே, ஆமா என் நாக்குதான் காரணம், ஒரு நிமிஷம் லேட்டும் ஆயிடுச்சு, நான் பண்ணினதுதான்னாரு. சட்டம் சட்டம்தானேன்னு, முறை தவறினதுக்காக ஒரு மாசம் அவரு பூ வண்டியில ஏறாதுன்னு சங்கத்துல எழுதினாங்க. ஏத்தறதுக்கு ஒரு பூகூட இல்லாதவருக்கு அந்தத் தண்டனை. நான் அங்கதான் உக்காந்திருந்தேன். பாவம் அம்சவேணி, அவ அவ்வளவு நல்லாப் படிச்சு வெச்சும் இப்படி ஆயிடுச்சேன்னு எனக்கும் சேத்துப் பரிதாபப்பட்டாங்க. அதையும் வாங்கிக்கிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே மாதப்பன்கிட்டச் சொல்லிட்டேன். அவரு எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்தாரு. அப்புறம், "அங்க தொறக்க வேண்டிய நேரத்துல வாயைத் தொறக்காதவ, இப்ப ஏன் தொறக்கறே? அவரே ஒத்துக்கிட்டாரு, விடு"ன்னாரு. அவரு எனக்கு நல்லதுக்குத்தான் சொன்னாரு. நானும் அதைப் பிடிச்சுக்கிட்டேன், விடச் சொன்னது அவருதானேன்னு. அந்தப் புத்தகம் ராசியில்லைன்னு மஞ்சத்துணியில சுத்தி என்கிட்டயே கொடுத்துட்டாங்க, வேற நாவல் ஆரம்பிச்சாச்சு. மூணரையார் வந்தாரு, கேட்டாரு, ஆனா அவருக்கு மனசு ஒட்டலை, நின்ன எடத்துலயே அப்படி இப்படி அசைஞ்சுக்கிட்டு இருந்தாரு. நான் முன்னைவிட நல்லாப் படிச்சேன். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க, என் நெஞ்சு குறுகுறுக்கலை, கனத்துச்சு. சோத்துல கையை வெச்சா அந்தரத்துல நின்ன பூதான் கண்ணுக்கு வந்துச்சு.

எட்டாம் நாள் பஸ் ஸ்டாப்புல அண்ணனைப் பாத்தேன். பெங்களூருல ஒரு அப்பார்ட்மெண்ட்டுக்கு வாட்ச்மேன் கேட்டிருக்காங்களாம், பாத்துட்டு வரப் போறேன், எல்லம்மாவைப் பெரிய பொண்ணு வீட்டுல விட்டுடுவேன்னாரு. தோட்டம்னு கேட்டேன். அதுல என்னம்மா இருக்குன்னாரு. அப்ப ஒரு பஸ் வந்து நின்னுச்சு, போர்டு அவரு மூஞ்சிக்கு நேரா இருக்கு, இவ்வளவு பெரிய எழுத்து. அவரு அதைப் பாக்கவே இல்லை, தலையைக் குனிஞ்சுக்கிட்டு என்கிட்டக் கேட்டாரு.

"அம்மா, இது ஓசூர் போற பஸ்ஸாம்மா?"

ஆமாண்ணான்னு எப்படிச் சொன்னேன்னு தெரியலை. பஸ் போனப்புறம் அந்த ஸ்டாப்புலயே உக்காந்து அழுதேன். ரோஜா போனா மறுபடி நட்டுக்கலாம், குழாயைக்கூட நிமித்திக்கலாம், அந்த மனுஷர் எழுத்தைக் கண்டா தலையைக் குனிஞ்சுக்கறாரே, அதை யாரு நிமித்தறது?

அந்த ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல எழுந்து நின்னு எல்லாத்தையும் சொன்னேன். பதினோரு பக்கம், விரல் வெச்ச எடம், எல்லாம். அப்புறம் முனிராஜு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, பாத்தீங்களா, அடுத்தவன் பழியைத் தன் தலையில போட்டுக்கிற மனசு யாருக்கு வரும்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இல்லை, நெஜமாத்தான்னேன். நீயாவது வாயை மூடறதாவது, உன் குரலைக் கேட்டு வளந்த காத்தும்மா அதுன்னாங்க. எத்தனை தடவை சொன்னேனோ அத்தனை தடவை என்னை ஒரு படி மேல ஏத்தி வெச்சாங்க. பின்வரிசையில இருந்து திம்மராயன் அண்ணன் எழுந்து, எனக்காக இவ்வளவு தூரம் பேசறியேம்மான்னு ரெண்டு கையையும் கூப்பினாரு. பொய் சொல்லிச் சம்பாதிச்ச பேரை உண்மை சொல்லியும் தொலைக்க முடியலை.

அப்பத்தான் முடிவு பண்ணினேன். மூணரையார் எங்க வேலியில, என் முறையில வந்து நிக்கட்டும்னு காத்திருந்தேன். சித்திரை பதினாறாந்தேதி வந்து நின்னாரு. எங்க பாலிஹவுஸ்ல அன்னைக்கு மாதிரி பூ என்னைக்கும் இருந்ததில்லை, மறுநாள் முகூர்த்தத்துக்கு அறுக்க வேண்டிய மொட்டு கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் செவப்பா நிக்குது. ஊரையே கூப்பிட்டு உக்கார வெச்சேன். மஞ்சத்துணியை அவுத்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்தேன். அரசி இதோ தண்ணிக்கடியில இருக்கா, அன்னைக்கு இந்த எடத்துல இருந்துதான் நான் வாயை மூடிட்டேன், இப்பவும் மூடப்போறேன், என்ன நடக்குதுன்னு நீங்களே பாருங்கன்னேன். அவ வளையல் கழண்டு விழற வரைக்கும் சத்தமாப் படிச்சேன், சுத்திக்கிட்டு இருந்த புழுதி அப்படியே உத்துக் கேக்க ஆரம்பிச்சுது, நான் வாயை மூடினேன்.

ஒரு நிமிஷம் போச்சு. பூவும் சருகும் அந்தரத்துல நின்னுச்சு. முனிராஜு கெஞ்சினாரு. மாதப்பன் என் பக்கத்துல வந்து குந்தி, "அம்சா, நம்ம வருஷத்துச் சோறுடி, வாயைத் தொற"ன்னாரு. நான் அவரைப் பாக்கலை, பாத்தா தொறந்துடுவேன்னு தெரியும். மூணரையார் வேலியைத் தாண்டி உள்ள குனிஞ்சாரு, எங்க பாலித்தீன் ஒரு ஓரத்துல டப்டப்புன்னு அடிச்சுக்க ஆரம்பிச்சுது, முதல் ஆணி தெறிச்சு விழுந்துச்சு. அடுத்தவர் முறையில கை வைக்கக் கூடாதுங்கறதால ஒருத்தரும் புத்தகத்தைத் தொடலை, எல்லாரும் கூரையையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

அப்ப என் மடியில இருந்து புத்தகம் போச்சு. திம்மராயன் அண்ணன். பக்கத்துல தன் தோட்டத்துல வளைஞ்ச குழாயைப் பிடுங்கிக்கிட்டு இருந்தவரு, சட்டை இல்லாம, முழங்கை வரைக்கும் சேறோட வந்து நிக்கறாரு. அது அவ முறைண்ணா, அவ முறைண்ணான்னு யாரோ பின்னால இருந்து சொன்னாங்க. அவரு காதுல வாங்கலை. விரலை வெச்சு எடம் தேடினாரு, உதட்டை ரெண்டு தடவை நக்கிக்கிட்டாரு.

"நா-ன்-கா-வ-து வ-ளை-யல்"னாரு.

பாலித்தீன் அடிச்சுக்கறது நின்னுபோச்சு.

பதினோரு பக்கத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஒரு எழுத்துல அவரு திக்கி நின்னா புழுதியும் நின்னுச்சு, அவரு அதைத் தாண்டினா அதுவும் தாண்டிச் சுத்திச்சு, ஒரு கூட்டெழுத்துல அவரு மூணு தடவை விழுந்து எழுந்தப்ப அந்தத் தென்னைமர உசரக் காத்து கொழந்தை மாதிரி அவரு காலடி வரைக்கும் குனிஞ்சு பொறுமையாக் காத்துக்கிட்டு நின்னுச்சு. திக்கினா கோபம் வர்ற காத்து இல்லை அதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அப்படின்னா அன்னைக்கு வேற என்ன நடந்துச்சுங்கறதும் தெரிஞ்சுபோச்சு. முனிராஜு ஒரு தடவை திரும்பி என்னைப் பாத்தாரு. எல்லம்மாவும் பாத்தா. அப்புறம் யாரும் என்னைப் பாக்கலை. யாளிக்கு அரசி கெடைச்சு, அது அவளைக் கரையேத்திவிட்டு, அவ உக்காந்து தலை துவட்டினப்ப மூணரையார் இருக்கிற மூச்சை எல்லாம் விட்டுட்டு, கொண்டுவந்த புங்கம்பூவை அத்தனை பேரு தலையிலயும் கொட்டிட்டு, ஏரி மேல போயிட்டாரு.

ஜனங்க கலைஞ்சு போனாங்க. அண்ணன் மட்டும் சேத்து விரல் பதிஞ்ச பக்கத்தை வேட்டியால தொடைச்சுப் பாத்தாரு, போகலை, மூடி என்கிட்ட நீட்டினாரு.

"இதுக்காம்மா அன்னைக்கு வாயை மூடிட்டே?"

ஆமான்னு தலையை ஆட்டினேன். புத்தகத்தை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

"நல்லாத்தாம்மா இருக்கு. எனக்கு இன்னும் வாய்விட்டுப் படிக்கத்தான் தெரியும், மனசுக்குள்ள படிக்க வரலை. வந்திருந்தா நானும் நிறுத்தியிருப்பேன்."

சொல்லிட்டு அவரு, கூரையில்லாத தன் தோட்டத்துக்குள்ள இறங்கிப் போய், விட்ட குழாயைப் பிடுங்க ஆரம்பிச்சாரு. என் தோட்டத்துல அன்னைக்கு ஒரு இதழ்கூட உதிரலை.